லைன் சரியில்லை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அலுவலக அடையாள அட்டையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து மேல்தளத்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ரீஸ்டார்ட். "ரீஸ்டார்ட் சாரைக் கூப்பிடு", "ரீஸ்டார்ட் அண்ணன் இன்னிக்கு லீவா?" என்றுதான் பேச்சு. யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்" என்பதுதான். அதனால் வந்த பட்டம். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "பாதிக் கோளாறு அதுலயே போயிடும். மீதிப் பாதிக்குத்தான் என்னை வேலைக்கு வச்சிருக்காங்க" என்று தானும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

நான்கு தளமும் கம்ப்யூட்டர் நிறைந்த காப்பீட்டு அலுவலகம் அது. மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறை ஒன்று அவருடையது. சுவரில் ஆணியடித்துச் சுருள் சுருளாக வயர்கள். மேஜையில் எழுத்து தேய்ந்த கீபோர்டுகள், மை உலர்ந்த ஒரு பிரிண்டர், வயர் நுனியில் பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்திப் பூட்டுகிற கிரிம்பர். அந்தக் கிரிம்பரை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். பல் துலக்கும் பிரஷ்ஷை எவனாவது இரவல் கொடுப்பானா என்பது அவர் கட்சி.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோளாறு என்றால் கீழேயிருந்துதான் மேலே போக வேண்டும். முதலில் மின்சாரம் வருகிறதா, அப்புறம் வயர், அப்புறம் நெட் பெட்டியில் விளக்கு எரிகிறதா, அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்குள் பதிந்திருக்கிற முகவரி எண்கள், அதற்கும் அப்புறம்தான் மென்பொருள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மனிதன். இந்தத் தொழிலில் மற்றவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். கூப்பிட்ட ஆள் மேல்தான் முதல் பழியைப் போடுவார்கள். இரண்டாம் தளத்தில் ஓர் அம்மாளுக்குத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் நெட் போய்விடும். "அந்தம்மா தூங்கறதுக்குச் சாக்கு சொல்லுது" என்று தளமே சிரித்தது. இவர் அந்த நேரத்துக்குப் போய் அந்த அம்மாளின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வரிசையில் நின்று சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதெல்லாம் அந்த மூலையில் வைஃபை செத்துப்போனது. அடுப்பை இடம் மாற்றினார், தீர்ந்தது. "ஆளைக் கடைசியாத்தான் சந்தேகப்படணும்" என்று அன்றைக்குச் சொன்னார். நல்ல விதிதான். அந்த விதிதான் பிற்பாடு அவரைக் குப்புறத் தள்ளியது.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். ஒரே பையன். படித்து முடித்த கையோடு, விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டான். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலையில், வீடியோவில் வருவான். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கிற சந்து அது. வீட்டுக்குள் செல்போனில் பேச்சு வரும், குறுஞ்செய்தி வரும், படம் மட்டும் வராது. ஆகையால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்த மோடம்தான் அந்த வீட்டில் பிள்ளையின் முகம் வந்து போகிற வாசல். மனைவி ஞாயிறென்றால் காலையிலேயே குளித்து, தலை வாரி, விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்ப்பாள்.

ஆரம்பத்தில் அவனும் நன்றாகத்தான் பேசினான். போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்து காட்டினான். தான் வைத்த சமையலைக் காட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினான். அப்பாவின் பங்கு என்னவென்றால், நடுவில் தலையை நீட்டி, "படம் தெளிவா வருதா தம்பி? சத்தம் விட்டு விட்டுக் கேக்குதா?" என்பார். "நல்லா கேக்குதுப்பா." "சரி, அம்மாகிட்ட பேசு." அவ்வளவுதான். அன்பு இல்லாமல் இல்லை. அன்பைப் பேசத் தெரியாத ஆண்கள் எதையாவது ரிப்பேர் பண்ணிக் காட்டுவார்கள் அல்லவா, அந்தச் சாதி அவர்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் உறைந்தது. மனைவி பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்போடா?" என்று கேட்டு வாய் மூடுமுன், வாய் பாதி திறந்தபடி அவன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. "தம்பி? தம்பி, கேக்குதா?" என்று இவள் கத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழைப்பு அறுந்துபோனது. போனில் செய்தி வந்தது: 'நெட் சரியில்லப்பா. அடுத்த வாரம் பேசறேன்.'

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். மனைவி பொரிந்து தள்ளினாள்.

"ஊரான் வீட்டு நெட்டெல்லாம் ஓடி ஓடி சரி பண்றீங்க. சொந்த வீட்டுல பிள்ள முகம் பாதியில நிக்குது. வாத்தியார் பிள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?"

"பாக்கறேம்மா."

"என்னத்த பாக்கறீங்க? பாத்துப் பாத்துத்தான் இந்த லட்சணம்!"

வாங்கிய திட்டுக்கு நடுவில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். பையனுக்கும் தனக்கும் நடுவில் ஏதோ தேய்ந்துகொண்டு வருவதாக அவருக்கு நெடுநாளாக ஒரு கலக்கம். அது என்னவென்று பிடிபடவில்லை. இப்போது அது வெறும் லைன் கோளாறு என்று ஆகிவிட்டது. லைன் கோளாறென்றால் தன்னால் ஆகாதா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழேயிருந்து ஆரம்பித்தார்.

மோடத்தின் பிளக்கை மாற்றினார். வயரை மாற்றினார். புது கிளிப் அழுத்தினார், அதில் திருப்தி இல்லாமல் வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். மோடத்தையே மாற்றினார். வைஃபையை நம்பாமல் லேப்டாப்புக்கு நேரடியாக வயர் இழுத்தார். ஃப்ரிட்ஜைச் சுவரோரமாக நகர்த்தினார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பழைய அனுபவத்தை மனதில் வைத்து, ஞாயிறு காலையில் வீட்டில் எதையும் சூடு பண்ணக் கூடாதென்று மைக்ரோவேவ் அடுப்புக்குத் தடை போட்டார். மனைவி பிள்ளை வந்து போகும் வரைக்கும் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். கோபக்காரியான அவள் அதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் இனிமையான குரலில், "சார், மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றாள். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது நாலு தளமும் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பெனியிலிருந்து லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே, "லைன்ல ஒரு குறையும் இல்ல சார். இந்தத் தெருவுலயே உங்க வீட்டு லைன்தான் சுத்தமா இருக்கு" என்றார்.

"அப்புறம் ஏன் படம் நிக்குது?"

"அந்தப் பக்கம் பாருங்க சார்."

அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் நியாயமாகப் பட்டது. அடுத்த ஞாயிறு அழைப்பு வந்தபோது, மனைவியின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் தன்னுடைய பழைய லேப்டாப்பையும் திறந்து வைத்துக்கொண்டார். கறுப்புத் திரையில் ஒரு சின்னச் சோதனை ஓடவிட்டார். எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரை, 'இருக்கியா, இருக்கியா?' என்று ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சோதனை. பதில் வந்தால் ஒரு வரி விழும். வராவிட்டால் 'பதில் இல்லை' என்று ஒரு வரி விழும். படம் உறைகிற நேரத்தில் எந்த இடத்தில் பதில் நின்றுபோகிறது என்று பார்த்துவிட்டால் ஆள் சிக்கிக்கொள்வான். பக்கத்திலேயே, நெட்டில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று காட்டுகிற கோடு ஒன்றும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க இன்னொன்னு? கண்ண உறுத்துது."

"நீ பேசு. நான் லைனைப் பாத்துக்கறேன்."

பையன் வந்தான். பின்னால் ஜன்னல், அதில் ஒரு நீலத் திரைச்சீலை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் முடி வெட்டவில்லை என்று இவள் வரிசையாகக் கேட்டாள். அவன் "ம்", "ஆமாம்மா" என்றான். "எப்படா வருவ? போன வருஷமே வரேன்ன" என்றாள். முகம் உறைந்தது.

அவர் சட்டென்று கறுப்புத் திரையைப் பார்த்தார். வரி விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. கோட்டைப் பார்த்தார். படம் நின்றுபோனால் அந்தக் கோடு படுத்துவிட வேண்டும். அது முன்பு இருந்த உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து படம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் திருப்பி மனைவியின் திரையைப் பார்த்தார்.

பையனின் முகம் கல்லாக நின்றிருந்தது. அவனுக்குப் பின்னால் நீலத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

காற்றில் மெல்ல உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஆடத்தான் செய்தது.

மனைவிக்கு அது தெரியவில்லை. தெரிகிற கண்ணும் அவளுக்கு இல்லை, முகத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவும் இல்லை. முன்பெல்லாம் படம் நின்றால் பதறுவாள். இப்போது பழகிப்போய், அதை ஒரு வசதியாகவே ஆக்கிக்கொண்டிருந்தாள். பேசும்போது அவன் அங்கே இங்கே திரும்புகிறான், நின்றால்தானே நிதானமாகப் பார்க்க முடிகிறது? திரைக்குக் கிட்டே போய், விரலால் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு தனக்குத்தானே பேசினாள்.

"எளைச்சுப் போயிட்டான் பாருங்க. கண்ணுக்குக் கீழ எப்படிக் கறுத்திருக்கு! தனியாக் கெடந்து என்ன பாடு படறானோ. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டான். சின்ன வயசுலயே அப்படித்தான். காய்ச்சல் அடிச்சாக்கூட நான் தொட்டுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

அப்போது அவன் கண் இமைத்தது. ஒரே ஒரு தடவை. வாய் அதே மாதிரி பாதி திறந்திருந்தது, தோள் அசையவில்லை, ஆனால் கண் இமைத்தது. அவர் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து அழைப்பு அறுந்துபோனது. வழக்கமான செய்தி வந்தது. மனைவி எழுந்து, "சரி, இனிமே அடுப்பப் போடலாமில்ல?" என்று டீயைச் சூடு பண்ணப் போனாள்.

அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நாம் போய்விடலாம். அவருக்கு அப்படிப் போக வழியில்லை. கல்லாக இருந்தால் ஏன் இமைக்கிறது? அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்படி உட்கார எத்தனை பாடுபட வேண்டும்! அதற்குப் பதிலாக, "வேலை இருக்கும்மா, வச்சுடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே. அதைச் சொன்னால் அம்மா முகம் வாடும். அதையும் பார்க்க முடியாமல், இதையும் கேட்க முடியாமல், பிள்ளை லைன் மேல் பழியைப் போட்டிருக்கிறான். அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ளாத பையன் அந்தத் தொழிலின் ஒரே ஒரு பொய்யை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அன்று முழுக்க அவர் வேறு காரணம் தேடினார். கேமரா கோளாறாக இருக்குமோ? மென்பொருளில் ஏதாவது புதிதாக வந்திருக்குமோ? தேடித் தேடிப் படித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. படம் நின்றால் மொத்தமாக நிற்கும். முகத்தை நிறுத்திவிட்டுத் திரைச்சீலையை ஆடவிடும் கோளாறு எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. கீழேயிருந்து எல்லாவற்றையும் பார்த்து முடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது மனிதன்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக மொட்டை மாடிக்குப் போய்ப் பையனைப் போனில் கூப்பிட்டார். அவராகத் தனியாக அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, ஆபீஸ் நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" பையனின் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது.

"இல்லப்பா. நல்லா இருக்கா. சும்மாத்தான்."

"சும்மாவா?"

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. உனக்கு என்னப்பா ஆச்சு? எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லையா? அங்கே ஏதாவது கஷ்டமா? கோபமா? இத்தனை நாளில் உன்னிடம் படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்பதைத் தவிர நான் ஒன்றுமே கேட்டதில்லையே, அதுவா? வாயைத் திறந்தார். பழகிய வாய் பழகியதைத்தான் பேசியது.

"உன் பக்கம் லைன் எப்படிப்பா இருக்கு?"

பையன் சொன்னான்.

"ரொம்ப மோசம்ப்பா. இங்க எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்."

குரல் அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. "சரிப்பா. சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் அவர் நெடுநேரம் நின்றிருந்தார். இரண்டாம் தளத்தில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாள். அந்த ஒரு காலைக்காக வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவளிடம், நீ தடவிப் பார்த்த கன்னம் உன் கைக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வது? தெரியாத வரைக்கும் அவளுக்குப் பிள்ளை இருக்கிறான். லைன்தான் இல்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். ஞாயிறுகள் வந்து போயின. அவள் பேசினாள், அவன் உறைந்தான், இவர் திரையைப் பார்க்காமல் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கண் ஆஸ்பத்திரியில் அவள் முறை வந்தது. புரை நன்றாக முற்றிவிட்டது, இனித் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். அவள் பயந்துகொண்டேதான் போனாள். திங்கட்கிழமை ஒரு கண், அங்கேயே தங்கி வியாழக்கிழமை இன்னொன்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்று, "அடப் பாவமே, வீடு இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு?" என்று துடைப்பத்தைத் தேடினாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எப்பங்க இப்படிக் கிழவனானீங்க?"

"உனக்குத் தெரியாம ஆகிட்டேன்."

அவள் சிரித்தாள். பார்த்ததையெல்லாம் குழந்தை மாதிரி வாய்விட்டுச் சொன்னாள். எதிர் மாடியில் காயப்போட்ட துணியின் கட்டம் தெரிகிறது, கடிகாரத்தில் சின்ன முள் தெரிகிறது, எறும்பு தெரிகிறது. அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லப்போவது அவருக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமதான் தம்பி முகத்தச் சரியாப் பாக்கப்போறேன். அந்தச் சின்னப் பொட்டியில வேணாங்க. டிவியில போடுங்க, பெருசா. நெட் நின்னாக்கூடப் பரவாயில்ல, நின்ன முகத்தயாவது நல்லாப் பாத்துக்கறேன்."

"டிவியிலயா? அதுக்கு வயர் வேணும்."

"உங்ககிட்ட இல்லாத வயரா?"

அவரிடம் இல்லாத வயர் இல்லைதான். கொண்டுவந்து மாட்டினார். மாட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது திரை. அதில் ஒரு திரைச்சீலை எவ்வளவு பெரிதாக ஆடும் என்று நினைத்துப் பார்த்தார்.

ஞாயிறு காலையில் அவள் குளிக்கப் போனதும் அவர் லேப்டாப்பைத் திறந்தார். மோடத்துக்குள் இருக்கிற அமைப்புப் பக்கத்துக்குப் போனார். வெளியே போகிற வாசலுக்கு ஓர் எண் உண்டு. அதில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினார். வயரைப் பிடுங்கியிருக்கலாம், பிளக்கைக் கழற்றியிருக்கலாம். ஆனால் அதெல்லாம் புதுக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது தெரியாது. எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும், ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது. எத்தனையோ பேருடைய கோளாறைத் தீர்த்த கை, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கோளாறை உண்டாக்கியது. வேலியே பயிரை மேய்ந்தது. 'சேமி' என்ற பொத்தானை அழுத்தும்போது அவர் மனசுக்குள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அவள் வந்து டிவிக்கு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் போட்டிருந்த கண்ணாடி இல்லாத அவள் முகம் அவருக்கே புதிதாக இருந்தது. நேரம் ஆனது. திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

"என்னங்க இது?"

"தெரியலயே. பாக்கறேன்."

"இன்னிக்குமா? இன்னிக்குப் போயா?"

அவர் மேஜைக்கு அடியில் புகுந்தார். ஆஃப் பண்ணினார், ஆன் பண்ணினார். வயரைக் கழற்றி மாட்டினார். அதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவள் தலைக்கு மேலே நின்றுகொண்டு திட்டினாள். நீங்களும் ஒரு கம்ப்யூட்டர்காரர், ரீஸ்டார்ட்டாம் ரீஸ்டார்ட், பேர் மட்டும் பெத்த பேர், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நாள் உருப்படியா ஒரு வேலை செஞ்சு குடுத்திருக்கீங்களா என்றாள். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்று இருந்தது அவருக்கு.

சட்டைப் பையில் போன் முனகியது. எடுத்துப் பார்த்தார். பையன்தான்.

'அப்பா, நெட் இல்லையா? பரவாயில்ல. மெதுவா சரி பண்ணுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல. நான் வெளிய கிளம்பறேன்.'

அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவர் மறுபடி படித்தார். கேட்கவில்லைதான்.

"தம்பியா? என்ன போட்டிருக்கான்? குடுங்க, இப்பதான் எனக்கே எழுத்து தெரியுதே."

நீட்டிய கை அவர் முகத்துக்கு நேரே வந்தது. அவர் போனை மார்போடு அழுத்திக்கொண்டு, மேஜைக் காலைப் பிடித்து எழுந்திருப்பது போலப் பாவனை பண்ணினார். அந்த மறைவில் விரல் செய்தியை அழித்தது.

"நானே சொல்றேன். 'அம்மாவப் பாக்கணும்னு காலையில இருந்தே காத்துக்கிட்டிருக்கேன். கண்ணு இப்ப எப்படித் தெரியுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. சீக்கிரம் சரி பண்ணுங்கப்பா'ன்னு போட்டிருக்கான்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாத்தீங்களா? எங்கயோ கண் காணாத இடத்துல உக்காந்துக்கிட்டு அது எப்படித் தவிக்குது! அதுக்கு இருக்கற அக்கறையில பாதி உங்களுக்கு இருந்தா, இந்தச் சனியன் பிடிச்ச லைன் எப்பவோ சரியாயிருக்கும்."

"தப்பு என் மேலதான்" என்றார் அவர்.

"லைன்தானேங்க? தம்பிக்கு வேற ஒண்ணும் இல்லையே?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுருக்கமும் அவளுக்குத் தெரியும் இப்போது.

"லைன்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.